இதயம் யார் பேச்சைக் கேட்கிறது? மூச்சு யார் பேச்சைக் கேட்கிறது? தெரியுமா!

தாம்பரம் ரயில் நிலையம். கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் அடுத்த நடைமேடையில் கிளம்பத் தயாராக நிற்கிறது. மேம்பாலப் படிக்கட்டை நோக்கி ஓடப் போகிறீர்கள். முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே உங்கள் இதயம் வேகம் பிடித்துவிடுகிறது, தெரியுமா? மூச்சும் கூடத்தான்! கால் தசைகள் இன்னும் கூடுதல் ஆக்சிஜன் கேட்கவே இல்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறவும் இல்லை. காலுக்கு ‘ஓடு’ என்று உத்தரவு போடும் மூளை, அதே நொடியில் இதயத்துக்கும் மூச்சுக்கும் தகவல் சொல்லிவிடுகிறது. டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக்கும் யோஹன்னஸ் லிண்ட்ஹார்ட்டும் இதை அளந்து 1913இல் வெளியிட்டார்கள். உழைப்பு தொடங்கும் அந்தக் கணத்திலேயே இரண்டும் எகிறுகின்றன.

இரண்டுக்கும் உத்தரவு ஒரே இடத்திலிருந்து போகிறது. ஆனால் இரண்டும் அந்த உத்தரவுக்கு ஒரே மாதிரி கட்டுப்பட்டவை அல்ல. இதயத்துக்கு மூளை இல்லாவிட்டாலும் துடிக்கத் தெரியும். மூச்சுக்கு மூளை இல்லாமல் ஒரு இழுப்புகூட முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால், நம் தென்சென்னைப் புறநகரிலேயே எத்தனை அதிசயங்கள் கிடக்கின்றன பாருங்கள்!

தாயின் வயிற்றில் கரு உருவாகி ஏறக்குறைய 22ஆம் நாளிலேயே இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த நாளில் மூளையிலிருந்து ஒரு நரம்புகூட அதை எட்டியிருக்காது. யார் துடிக்கச் சொன்னது? யாரும் இல்லை! இதயத்தின் வலது மேலறைச் சுவரில் ஒரு சிறிய திசுத் துண்டு இருக்கிறது. சைனஸ் கணு என்பார்கள். அதன் செல்கள் சும்மா இருக்கவே முடியாதவை. உப்பின் அயனிகள் மெல்ல உள்ளே கசிய, மின்னழுத்தம் ஏறி, ஓர் எல்லையைத் தொட்டதும் தாமாகவே மின்துடிப்பை எழுப்புகின்றன. உடனே மறுபடியும் ஏறத் தொடங்குகின்றன. இப்படி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை!

இந்தக் கணுவை முதலில் எந்த இதயத்தில் பார்த்தார்கள் தெரியுமா? அகழெலியின் இதயத்தில்! இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உடற்கூறியல் அறிஞர் ஆர்தர் கீத்தின் கிராமத்து வீட்டில், மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் அகழெலி இதயத்தை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. 1907இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜப்பானியரான சுனாவோ தவாரா, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இன்னொரு கணுவைக் கண்டறிந்திருந்தார். மேலே இருக்கும் கணு ஓய்ந்துபோனால் தவாராவின் கணு நிமிடத்துக்கு 40 முதல் 60 துடிப்பு வரை தந்து தாங்கும். அதுவும் போனால் கீழறைத் தசை நார்களே 20, 30 என்று முனகிக்கொண்டாவது ஓட்டும். மூன்று அடுக்குப் பாதுகாப்பு!

சரி, அப்படியானால் மூளைக்கு இதயத்திடம் என்ன வேலை? சைனஸ் கணுவை அதன் போக்கில் விட்டால் இளவயதில் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் துடிக்கும். நமக்கோ ஓய்வில் 70 சொச்சம்தான். ஏனென்றால் வேகஸ் என்ற நரம்பு, மலையிறங்கும் பேருந்தின் ஓட்டுநர் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வருவதுபோல, எந்நேரமும் இதயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஓய்வில் இதயம் நிதானமாகத் துடிப்பது இந்தப் பிடியால்தான். படிக்கட்டில் ஓடும்போது நடக்கும் முதல் வேலை, வேகஸ் தன் பிடியைத் தளர்த்துவது. அதற்குப் பிறகுதான் பரிவு நரம்புகளும் அட்ரீனலினும் வந்து வேகத்தைக் கூட்டுகின்றன.

இதற்குக் கண்கூடான சாட்சி மாற்று இதயம்! சென்னைக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை புதிதல்ல. தெற்கே பெரும்பாக்கம் வரை அதைச் செய்யும் மருத்துவமனைகள் இருக்கின்றன. கொடையாளியின் இதயத்தை எடுக்கும்போது வேகஸையும் பரிவு நரம்புகளையும் வெட்டித்தான் ஆக வேண்டும். பனிக்கட்டியின் குளிரில் அசையாமல் பயணம் செய்து வந்த இதயம், புது நெஞ்சுக்குள் வெதுவெதுப்பான ரத்தம் பாய்ந்ததும் மறுபடி துடிக்கிறது. பல நேரம் தானாகவே. சில நேரம் ஒரு சிறு மின் அதிர்வின் உதவியோடு. எந்த நரம்பும் அதனிடம் எதுவும் சொல்லவில்லை! பிரேக் இல்லாத அந்த இதயம் ஓய்விலும் 90, 100, 110 என்றே ஓடும். அந்த மனிதர் ரயிலைப் பிடிக்க ஓடினால் அவருடைய இதயத்துக்குச் சேதி உடனே போய்ச் சேராது. ரத்தத்தில் அட்ரீனலின் மிதந்து வந்து சேரும்வரை பழைய வேகத்திலேயே இருக்கும். ஓட்டம் நின்ற பிறகும் சற்று நேரம் வேகம் குறையாது. அதனால்தான் அவர்களை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கச் சொல்கிறார்கள்.

2008 செப்டம்பரில் நடந்ததை மறக்க முடியுமா? திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன், 15 வயது ஹிதேந்திரன், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவன் உறுப்புகளைத் தானமாகத் தந்தார்கள். போக்குவரத்துக் காவலர்கள் வழியைத் திறந்துவிட, அந்த இதயம் சென்னையின் நெரிசலைக் கடந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் என்ற பேச்சை வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தது அந்தப் பிள்ளைதான். மூளை முழுவதும் இறந்துவிட்ட உடலில் இதயம் மட்டும் எப்படித் துடித்துக்கொண்டிருந்தது என்று அன்று பலர் கேட்டார்கள். பதில் அந்தச் சைனஸ் கணுவில் இருக்கிறது. அதற்கு மூளை தேவையில்லை. ஆக்சிஜன் தேவை, அதை வென்டிலேட்டர் தந்துகொண்டிருந்தது.

மூளைச்சாவை எப்படி உறுதி செய்கிறார்கள் தெரியுமா? மூச்சைக் கொண்டுதான்! ஆக்சிஜனை மட்டும் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைச் சில நிமிடம் விலக்குவார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். 60 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டியும் நெஞ்சு ஒரு முறைகூட எழவில்லையென்றால், மூச்சின் மையம் அணைந்துவிட்டது என்று அர்த்தம். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தே முடிவு சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

அந்த மையம் எங்கே இருக்கிறது? கழுத்துக்கு மேலே, மூளையின் அடிவாரமான முகுளத்தில். சில ஆயிரம் நரம்பு செல்கள் மட்டுமே கொண்ட ஒரு சின்னக் கூட்டம்! அதற்கு பிரீ-போட்சிங்கர் என்று பெயர். அமெரிக்கரான ஜாக் ஃபெல்ட்மனும் கூட்டாளிகளும் 1991இல் அதை உலகுக்குக் காட்டினார்கள். அங்கிருந்து கிளம்பும் தாளம் கழுத்துத் தண்டுவடத்தின் வழியாக ஃபிரெனிக் நரம்பில் இறங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தைச் சுருக்குகிறது. காற்று உள்ளே வருகிறது. நுரையீரலுக்கென்று சொந்தத் துடிப்பு எதுவும் கிடையாது. கழுத்து முள்ளெலும்பு மேற்பகுதியில் முறிந்து தண்டுவடம் அறுந்தால் மூச்சு அந்த நொடியே நின்றுவிடும். இதயமோ துடித்துக்கொண்டே இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் தீரும்வரை.

நம் மின்சார ரயில் பாதையில் ஒரு நிலையத்துக்கே மூச்சின் பெயர் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? தாம்பரம் சானடோரியம்! 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து பச்சைமலை அடிவாரத்தில் திறந்த காசநோய் மருத்துவமனைதான் அந்தச் சானடோரியம். சுத்தமான காற்றே மருந்து என்று நம்பப்பட்ட காலம் அது. இன்னொன்று தெரியுமா? இதே சௌரிமுத்து அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1914இல் நெவாசா கப்பலில் கணித மேதை ராமானுஜன் லண்டனுக்குப் போனபோது உடன் பயணித்தவர் அவர். மூன்று ஆண்டு கழித்து நோயுற்ற ராமானுஜன் அவருடைய மெண்டிப் மருத்துவமனையிலேயே நோயாளியாகத் தங்கினார். தாம்பரத்து மருத்துவமனையை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்றும் அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

மருந்துகள் வராத அந்தக் காலத்தில், உலகெங்கும் காசநோய் மருத்துவர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். கழுத்தில் சிறு கீறல் போட்டு ஒரு பக்கத்து ஃபிரெனிக் நரம்பை நசுக்கிவிடுவார்கள்! அந்தப் பக்க உதரவிதானம் செயலற்றுப் போகும். புண்பட்ட நுரையீரலுக்கு ஓய்வு கிடைக்கும். சில மாதத்தில் நரம்பு மறுபடி வளர்ந்து மூச்சு பழையபடி திரும்பும். இதயத்துக்கு இப்படி ஓய்வு கொடுக்க நினைத்தால் முடியுமா? நரம்பை நசுக்கினால் அது இன்னும் வேகமாகத்தான் ஓடும்.

மூச்சை அடக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தவிக்கிறதே, அந்தத் தவிப்பு ஆக்சிஜன் குறைந்ததால் வருவதில்லை, தெரியுமா? கரியமில வாயு கூடியதால்! 1905இல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் கண்டது இது: நுரையீரலின் ஆழத்தில் கரியமில வாயு வெறும் 0.2 சதவீதம் கூடினாலே மூச்சின் அளவு இரண்டு மடங்காகிறது. ஆக்சிஜனைக் கவனிக்கும் காவலர்களும் உண்டு. தாடைக்குக் கீழே, கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த பிறகுதான் அவர்கள் உரக்கக் கூவுவார்கள்.

இதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். திரிசூலம், பம்மல் பக்கத்துக் கல்குவாரிக் குட்டைகளிலும் நீச்சல் குளங்களிலும் ‘யார் அதிக நேரம் முங்குவது’ என்று பந்தயம் கட்டுகிறார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. கரியமில வாயு மட்டும் வெளியேறிவிடும். தண்ணீருக்குள் தவிப்பு வர வேண்டிய நேரத்தில் வராது. தவிப்பே இல்லாமல் ஆக்சிஜன் தீர்ந்து, நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகூட சத்தமில்லாமல் மயங்கிவிடும்.

பெருமூச்சு சோகத்துக்கு மட்டும் வருவதில்லை. நாம் அறியாமலே ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பெருமூச்சு விடுகிறோம்! நுரையீரலின் கோடிக்கணக்கான காற்றுப் பைகளில் சில, நேரம் போகப் போக ஒட்டிச் சுருங்கிவிடும். ஒரு பெரிய இழுப்பு அவற்றைத் திறந்துவிடுகிறது. இதற்கென்று முகுளத்தில் தனி நரம்பு செல்கள் இருப்பதை 2016இல்தான் கண்டார்கள்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை உணர்த்தும் ஏற்பிகளில் ஒன்றைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர், தெரியுமா? அவ்தார் சிங் பெயிண்டல். 1955இல், நுரையீரலின் தந்துகிக் குழாய்களை ஒட்டி இருக்கும் ‘ஜே’ ஏற்பிகளை அவர் அடையாளம் காட்டினார். அங்கே நீர் கோத்தால் அவை விழித்துக்கொண்டு மூச்சைப் படபடக்க வைக்கும். உலகத்து உடலியங்கியல் பாடநூல்கள் பலவற்றில் இருக்கும் அவர் பெயர் நம் பள்ளிப் பாடங்களிலும் இருக்க வேண்டும்.

தாம்பரம் விமானப்படைத் தளத்தின் மேலே சிறு பயிற்சி விமானங்கள் வட்டமிடுவதைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் உண்டா? விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. 1954 முதல் இங்கே இருக்கிறது. விமானம் சட்டென்று மேல்நோக்கி வளையும்போது விமானியின் ரத்தம் கால்களை நோக்கி இறங்கும். கழுத்துத் தமனியில் இருக்கும் அழுத்த உணரிகள் உடனே இதயத்தை முடுக்கச் சொல்லும். படுக்கையிலிருந்து நாம் எழுந்திருக்கும்போதும் இதே ஏற்பாடுதான், இல்லாவிட்டால் தினமும் காலையில் மயங்கி விழுவோம்! ஆனால் அந்த எதிர்வினை முழு வலுவை எட்டச் சில விநாடிகள் பிடிக்கும். வானத்தில் அவ்வளவு அவகாசம் கிடையாது. அதனால் விமானிகள் தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டு, ரத்தத்தை மூளைக்கு ஏற்றப் பழகுகிறார்கள்.

இங்கேதான் அடுத்த அதிசயம்! இதயத்தை ‘மெதுவாகு’ என்று நேரடியாகச் சொல்ல நம்மால் முடியாது. மூச்சை நிறுத்தச் சொல்ல முடியும். அந்த மூச்சின் வழியாக இதயத்தைத் தொட முடியும்! மணிக்கட்டில் விரலை வைத்து மெதுவாக இழுத்து விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது தணியும். மூச்சு வெளியே போகும்போது வேகஸ் தன் பிடியை இறுக்குகிறது. 1847இலேயே கார்ல் லூட்விக் இதைப் பதிவு செய்துவிட்டார்.

யோகாசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியாரின் பெயரைச் சென்னைவாசிகள் அறிவார்கள். பிற்காலத்தை இங்கேயே கழித்து 1989இல் நூறு வயதில் மறைந்தவர். 1935இல் பிரான்ஸிலிருந்து வந்த இதய மருத்துவர் தெரேஸ் பிரோஸ் அவரைச் சோதித்தார். இதயத்தையே நிறுத்திவிடுகிறார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பிறகு வெங்கர், பாக்சி, ஆனந்த் என்ற மூவர் யோகிகளிடம் செய்த சோதனைகளை 1961இல் வெளியிட்டார்கள். நாடி கையில் படவில்லை, இதய ஒலியும் மங்கியது. ஆனால் ஈசிஜி ஓடிக்கொண்டே இருந்தது! மூச்சை அடக்கி நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கியதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துவிட்டது. இதயம் நிற்கவில்லை. அதனால் அந்த யோகிகளின் பெருமை எனக்குத் துளியும் குறையவில்லை. உள்ளே போக இருக்கும் ஒரே வாசல் மூச்சுதான் என்று கருவிகள் வருவதற்கு முன்பே கண்டவர்கள் அவர்கள்.

இன்றைய அவசர சிகிச்சைப் பிரிவிலும் அந்த வாசல் பயன்படுகிறது. ஒரு வகைப் படபடப்பில் இதயம் திடீரென்று 180, 200 என்று ஓடும். நோயாளியிடம் ஒரு சிரிஞ்சைக் கொடுத்து 15 விநாடி ஊதச் சொல்லி, உடனே படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். 2015இல் வெளியான ஆய்வில், இப்படிச் செய்ததும் நூற்றுக்கு 43 பேருக்கு மருந்தில்லாமலே இதயம் சீரானது! காலைத் தூக்காதபோது நூற்றுக்கு 17தான்.

முகத்தைக் குளிர்ந்த நீரில் முக்கினாலும் நம் இதயம் தணியும். இதில் மன்னன் முதலை! கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு, 1976இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய அந்தப் பண்ணைக்கு, அடுத்த முறை போகும்போது நீருக்கடியில் அசையாமல் கிடக்கும் முதலையைப் பாருங்கள். அதன் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். இதயத்திலேயே ஒரு தனி வால்வு வைத்து, காற்றில்லாத நுரையீரலுக்கு ரத்தத்தை அனுப்பாமல் உடம்புக்கே திருப்பிவிடுகிறது! வண்டலூர் பூங்காவின் நீர்யானையும் லேசானதல்ல. தூங்கும்போதே மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு, விழிக்காமலே மறுபடி மூழ்கிவிடும்.

முதலைப் பண்ணையின் அதே வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, காட்டிலேயே திரும்ப விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் இங்கிருந்து போகிறது. இந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது எவ்வளவு பொருத்தம்!

நல்ல பாம்பும் கட்டுவிரியனும் எப்படிக் கொல்கின்றன தெரியுமா? அதைப் புரிந்துகொள்ள ஒரு தவளைச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். 1921இல் ஆஸ்திரியாவின் ஓட்டோ லோவி, கனவில் தோன்றிய ஒரு சோதனையைத் தவளை இதயங்களில் செய்து, வேகஸ் நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தை அடக்குகிறது என்று நிரூபித்தார். அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். உதரவிதானத்தைச் சுருங்கச் சொல்வதும் இதே அசிட்டைல்கோலின்தான்! ஒரே பொருள், இதயத்திடம் ‘அடங்கு’ என்கிறது, மூச்சுத் தசையிடம் ‘இயங்கு’ என்கிறது. ஏனென்றால் அதை வாங்கும் ஏற்பிகள் இரண்டு இடத்திலும் வேறு வேறு. நல்ல பாம்பின் விஷம் தசையின் ஏற்பியைத்தான் அடைக்கிறது. கட்டுவிரியன் அதோடு நரம்பு முனையையும் சிதைக்கிறது. முதலில் கண்ணிமை தொங்கும், பிறகு பேச்சு குழறும், கடைசியில் உதரவிதானம் ஓய்ந்துவிடும். சைனஸ் கணுவோ எதுவும் நடக்காததுபோலத் துடித்துக்கொண்டிருக்கும்!

கட்டுவிரியன் கடியில் சிலர் கண்மணிகூட அசையாமல், பார்ப்பவர்களுக்கு மூளைச்சாவு போலவே கிடப்பார்கள். அவர்கள் பிழைத்து எழுந்திருக்கிறார்கள்! அதனால்தான் மூளைச்சாவு என்று சொல்வதற்கு முன் விஷத்தின் வேலையா என்று பார்த்துவிட வேண்டும். மந்திரம், கட்டு, கீறல் எதிலும் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் 108ஐ அழையுங்கள். மூச்சு நின்றுவிட்டாலும் கைவிடாதீர்கள். ஆம்புலன்ஸில் இருப்பவர் பையை அழுத்தி அழுத்திக் காற்றைத் தந்துகொண்டிருந்தால் போதும். இதயம் தன் பங்கைத் தானே பார்த்துக்கொள்ளும். மருத்துவமனையில் விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மைன் ஊசியும் போடுவார்கள். அது அசிட்டைல்கோலின் சீக்கிரம் அழிந்துவிடாமல் காத்து, நல்ல பாம்பு கடித்தவரின் மூச்சுத் தசைகளை மறுபடி எழுப்பும். ஆனால் அசிட்டைல்கோலின் கூடினால் இதயம் மந்தமாகிவிடுமே? அதற்காகவே முதலில் அட்ரோபினைச் செலுத்துகிறார்கள். அது இதயத்தின் ஏற்பியை மூடிவிட்டு, மூச்சுத் தசையின் ஏற்பியைத் தொடாமல் விடுகிறது.